நிறுத்தி வைக்கக்கூடிய ஆட்டம்

பட்டாசு ஆலைக்குள் கைப்பேசிக்கு இடமில்லை. தீப்பெட்டி, பீடி, பொறி தட்டக்கூடிய இரும்புச் சாமான் இவற்றோடு அதுவும் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். ஆகவே சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பயராபீஸுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, வேலைக்குப் போகிறவர்களுக்குப் பகலில் கைப்பேசி கிடையாது. காலையில் வேன் ஆலை வாசல் சேரும்வரை கையில் இருக்கும், சாயங்காலம் வேன் ஊர் திரும்பும்போது மறுபடி கைக்கு வரும். அந்தத் திரும்பும் வழியில் வண்டிக்குள் பார்த்தால் ஆட்டங்கள் இரண்டாகப் பிரிந்து கிடப்பது தெரியும். முன்பக்கம் பெண்கள். சிலர் கண்ணயர்ந்திருப்பார்கள், சிலர் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள், சிலர் வண்ண மிட்டாய்க் கட்டங்களை விரலால் இடம் மாற்றிக்கொண்டிருப்பார்கள். பின்பக்கம் இளவட்டங்கள். கைப்பேசியைக் குறுக்கே திருப்பி இரு கட்டைவிரல்களாலும் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

"அதெல்லாம் ஒரு கேமாக்கா?" என்று ஒருநாள் பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான். "ஒனக்கு அது, எனக்கு இது. எறங்குற எடம் வந்தா நான் மூடி வச்சுட்டு எறங்கிருவேன். நீ எறங்குவியா தம்பி?" என்றாள் அந்தப் பெண்.

வீடியோ கேம்களைக் கேஷுவல், ஹார்ட்கோர் என்று பிரிப்பது பற்றி நான் படித்த பல பக்கங்கள் சொல்லாத ஒன்றை அந்தப் பதில் சொல்லிவிட்டது என்றே நினைக்கிறேன். பிரிவினை உலகெங்கும் இருக்கிறது. மிட்டாய் உடைப்பது, லூடோ உருட்டுவது, தண்டவாளத்தில் ஓடிக் காசு பொறுக்குவது ஒரு பக்கம். நூறு பேர் தீவில் குதித்து ஒருவர் மிஞ்சும்வரை சுட்டுக்கொள்வது, ஒரே எதிரியிடம் ஐம்பது முறை செத்து ஐம்பத்தோராவது முறை வெல்வது இன்னொரு பக்கம். முதலாவது டைம்பாஸ் என்றும் இரண்டாவதே நிஜமான கேம் என்றும் ஒரு தீர்ப்பு ஊரில் நிலவுகிறது. அது எந்த அளவுகோலை வைத்துச் சொல்லப்பட்டது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்வார்கள். கஷ்டமான ஆட்டமா என்று பார்க்க வேண்டும் என்பார் ஒருவர். எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பதுதான் கணக்கு என்பார் இன்னொருவர். துப்பாக்கி இருக்கிறதா, எந்த மெஷினில் ஆடுகிறான் என்பவர்களும் உண்டு.

கஷ்டம் என்ற அளவுகோலை முதலில் எடுத்துக்கொள்ளலாம். டெட்ரிஸ் 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. மேலிருந்து விழும் ஏழு வகைத் துண்டுகளை அடுக்கி வரிசை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். எண்பதுகளின் இறுதியிலிருந்து அலுவலகக் கணினியிலும் கையடக்கப் பெட்டியிலும் இதை ஆடாதவர்கள் குறைவு. கேஷுவல் ஆட்டத்துக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. 1989-இல் வந்த அதன் நிண்டெண்டோ பதிப்பில் 29-ஆவது லெவலுக்கு மேல் மனிதக் கை தாங்காது என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். துண்டுகள் அத்தனை வேகமாக விழும். பிறகு ஆட்டக்காரர்கள் பொத்தானை அமுக்கும் முறையையே மாற்றினார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் முதுகில் விரல்களை உருட்டித் தட்டப் பழகினார்கள். 2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆவது லெவலில் ஆட்டத்தையே உறைந்து நிற்க வைத்தான். அந்தப் பதிப்பை அதற்கு முன் எந்த மனிதரும் அந்த எல்லைக்குக் கொண்டுபோனதில்லை. பாட்டி மதியத்தில் ஆடும் டெட்ரிஸும் இவன் ஆடியதும் ஒரே ஆட்டம்தான், ஏழு துண்டுகளும் மாறவில்லை.

நேரம் என்ற அளவுகோலுக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, எங்கள் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் போதும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிக்கிறவர்கள் பரமபதப் படத்தை விரித்து விடியும்வரை ஆடுவது பழைய வழக்கம். பரமபதத்தில் ஆடுகிறவர் முடிவெடுக்க எதுவுமே இல்லை. தாயக்கட்டை சொல்கிறபடி காய் நகரும், ஏணி ஏற்றும், பாம்பு இறக்கும். திறமை ஒரு துளியும் வேண்டாத ஆட்டத்தைப் பசித்த வயிற்றோடு இரவு முழுக்க ஆடுகிறார்கள். அவர்களைப் போகிறபோக்கில் ஆடுகிறவர்கள் என்று யாரால் சொல்ல முடியும்? இதற்கு நேர்மாறு ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. கோயில் மண்டபத் தரைகளிலும் ஊர்ப்பாறைகளிலும் கோடு கீறி வைத்திருக்கிறார்கள். புலியை அடைக்கத் தெரிய வருஷங்கள் ஆகும். ஆனால் பாதி ஆட்டத்தில் எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம், காய்கள் அங்கேயே கிடக்கும். ஒன்று எளியது, ஆளை விடாது. மற்றது கடினமானது, எழுந்து போக விடும்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆட்ட ஆய்வாளர் யெஸ்பர் யூல் 2009-இல் 'எ கேஷுவல் ரெவல்யூஷன்' என்ற நூலை எழுதினார். சாதாரண ஆட்டக்காரர் என்றால் குறைவாக ஆடுவார், சவாலைக் கண்டால் ஒதுங்குவார் என்ற நம்பிக்கையை அது உடைத்தது. அவர் பார்த்த பலர் நிறைய நேரம் ஆடினார்கள், கஷ்டமான கட்டங்களையும் விரும்பினார்கள். வேறுபாட்டை யூல் ஆட்டத்தின் வளைந்துகொடுக்கும் தன்மையில் கண்டார். கேஷுவல் ஆட்டத்தை ஐந்து நிமிடமும் ஆடலாம், ஐந்து மணி நேரம் வெறியோடும் ஆடலாம். ஹார்ட்கோர் ஆட்டத்தை அதன் நிபந்தனைப்படி மட்டுமே ஆட முடியும், வாழ்க்கைதான் அதற்கு வளைந்துகொடுக்க வேண்டும். யூல் இதை வடிவமைப்பின் குணமாகச் சொல்லி நிறுத்துகிறார். வேனில் அந்தப் பெண் சொன்னதைக் கேட்ட பிறகு எனக்குத் தோன்றுவது, இது நேரத்தின் உடைமை பற்றிய விஷயமும்கூட என்பதுதான்.

பப்ஜி மொபைலில் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் வேண்டும். நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. நான்கு பேர் குழுவில் ஒருவன் கைப்பேசியைக் கீழே வைத்தால் மற்ற மூவரும் சாவார்கள். ஆகவே அதை ஆடுகிறவனுக்கு யாரும் கூப்பிடாத அரை மணி நேரம் சொந்தமாக இருக்க வேண்டும். சிவகாசிப் பக்கத்து ஊர் ஒன்றில் மாலை ஆறு மணிக்கு அப்படிப்பட்ட அரை மணி யாரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் ஹார்ட்கோர் ஆட்டக்காரர்களின் பட்டியல் தானாக வந்துவிடும். தேநீர்க் கடை பெஞ்சிலும் ஊர் மந்தையிலும் அதைக் கொண்டிருப்பவர்கள் ஆண்பிள்ளைகள். அதே மணியில் வேனை விட்டு இறங்கிய பெண் குழாயடியில் குடம் வரிசையில் நிற்கிறாள், அடுப்பை மூட்டுகிறாள், பிள்ளையின் நோட்டைப் பார்க்கிறாள். வீட்டிலேயே தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறவளுக்கு வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கோடே கிடையாது. குரோஸ் கணக்கில் கூலி, எத்தனை முடித்தாளோ அதற்குத்தான் காசு. தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும் காலத்திலும் அவளுடைய நாள் துண்டு துண்டாகவே கிடக்கிறது. துண்டான நேரத்தில் ஆடக்கூடிய ஆட்டத்தை அவள் ஆடுகிறாள்.

அந்த ஆட்டத்தைச் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கிங் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட கேண்டி க்ரஷ் சாகாவில் ஐந்து உயிர்கள். ஒன்று போனால் அரை மணி கழித்துத் திரும்பக் கிடைக்கும். ஐந்தும் போனால் ஆட்டமே உங்களை எழுப்பி அனுப்பிவிடும். இன்று பத்தாயிரத்தைத் தாண்டிய லெவல்கள் அதில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் கடந்துவந்தவர்கள் எங்கள் தெருக்களில் உண்டு. அடுக்களைக்கும் வேனுக்கும் நடுவே, ஆண்டுக்கணக்கில், ஒரு லெவலில் பத்து நாள் மாட்டி, திரும்பத் திரும்ப வந்து உடைத்தவர்கள். இதைப் பிடிவாதம் என்று சொல்லாமல் டைம்பாஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஜப்பானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிவகாசியைக் குட்டி ஜப்பான் என்று சொல்லிச் சொல்லி எங்களுக்குப் பழகிவிட்டது, காரணம் ஊரின் உழைப்பு. நிண்டெண்டோ 1889-இல் கியோட்டோவில் தொடங்கியபோது சீட்டுக்கட்டு செய்கிற கடை, எங்கள் அச்சகங்களுக்குத் தூரத்து உறவு. அந்த நிறுவனத்தின் குன்பெய் யோகோய் ரயிலில் போகும்போது, பயணி ஒருவர் கால்குலேட்டர் பொத்தான்களைச் சும்மா அமுக்கிப் பொழுதைப் போக்குவதைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1980-இல் வந்த கேம் அண்ட் வாட்ச், கையடக்க ஆட்டங்களின் முன்னோடிகளில் ஒன்று. அதன் மூலையில் மணி காட்டும் கடிகாரம் இருந்தது. சலித்த பயணி ஒருவரின் பயண நேரத்தை உற்றுப் பார்த்ததால் உண்டான பொருள் அது. கேஷுவல் ஆட்டத்தின் பரம்பரையை இந்தப் பக்கத்திலிருந்து எழுதினால், உண்மையான ஆட்டம் நீர்த்துப்போய்ப் பிறந்த குழந்தை என்ற பேச்சு நிற்காது.

ஆலை வேலைக்குப் போகிறவர்கள் மிட்டாய் ஆட்டத்தை ஆட இன்னொரு காரணமும் இருக்கிறது. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

பட்டாசு ஆலையில் பருத்தித் துணி உடுத்த வேண்டும். மருந்து கலக்கும் அறைக்குள் நுழையும்போது உடம்பில் ஏறியிருக்கும் மின்னூட்டம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். வெடியுப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் கையால் கலக்கும்போதும், குழாயில் மருந்து செலுத்தும்போதும் அழுத்தம் கொஞ்சம் கூடக் கூடாது, உராயக் கூடாது, கீழே விழக் கூடாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் விபத்தில்லாத ஆண்டு இந்த வட்டாரத்தில் வாய்த்ததில்லை. ஹார்ட்கோர் ஆட்டத்தைப் புகழ்கிறவர்கள் முதலில் சொல்வது அதில் பிழைக்குத் தண்டனை உண்டு என்பதைத்தான். தவறினால் முதலிலிருந்து வர வேண்டும், சேர்த்ததெல்லாம் போகும், அதனால் ஒவ்வொரு அடியும் கனக்கிறது என்பார்கள். உண்மைதான், அந்தக் கனத்தின் இன்பத்தை நானும் அறிவேன். ஆனால் பகல் முழுவதும் பிழைக்கு உயிரையே விலை வைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து எழுந்தவருக்குச் சாயங்காலமும் அந்தக் கனம் தேவைப்படுமா? தவறாக நகர்த்தினாலும் மிட்டாய்கள் மறுபடி விழும் ஓர் ஆட்டம், பிழை செய்ய அனுமதிக்கும் சிறிய இடம், அவருக்கு வேண்டியிருக்கிறது. சவாலை விரும்பாத மனம் என்று அதைச் சொல்வது அநியாயம். சவாலை அவர் வேறிடத்தில் செலுத்திவிட்டு வந்திருக்கிறார்.

இப்படிச் சொல்வதால் பின்னிருக்கைப் பையன்களை நான் குறைத்துப் பேசுவதாகிவிடக் கூடாது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவானபோது இந்தப் பையன்களுக்கு ஓர் உலகம் திறந்தது. பப்ஜி மொபைல் 2018-இல் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு பற்றிய தீர்ப்பைத் தந்தது. பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை வந்தது. நவம்பரிலிருந்து ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வேலை இல்லை, காசு இல்லை, கையில் ஒரு கைப்பேசி மட்டும் இருந்தது. மற்ற இடங்களில் இப்படிப்பட்ட பையன் ஒருவனை யாரும் எதையும் கேட்பதில்லை. ஆட்டத்துக்குள் "வலது பக்கம் வர்றான், பாத்துக்கோ" என்று இவன் சொன்னால் மூன்று பேர் கேட்கிறார்கள். வரைபடத்தின் ஒவ்வொரு வீடும் இவனுக்கு மனப்பாடம். சாத்தூர்ப் பையன் ஒருவனுடைய பேச்சு அலகாபாத்துப் பையனின் உயிரைக் காப்பாற்றுகிறது. விலை குறைந்த கைப்பேசிக்காரர்கள் ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். அதில் ஐம்பது பேர், பத்து நிமிஷம், சின்ன நினைவகமே போதும். பப்ஜி ஆடுகிறவர்கள் அவர்களைப் பார்த்து அதெல்லாம் கேமா என்றார்கள். ஏளனம் எப்போதும் ஒரு படி கீழே இறங்கும். கைப்பேசியின் விலையும் நேரத்தின் நீளமும்தான் இங்கும் படிநிலையைத் தீர்மானித்தன.

2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி தடை செய்யப்பட்டது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் போனது. பப்ஜிக்கு மாற்றாக 2021 ஜூலையில் வேறு பெயரில் வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீங்கி 2023 மே மாதம் திரும்பியது. பெற்றோருக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கு நியாயமும் இருந்தது, படிப்பு கெட்ட வீடுகள் எனக்குத் தெரியும். ஆனால் சேர்த்து வைத்த பதவியும் பழகிய குழுவும் ஒரே இரவில் அழிந்தபோது அந்தப் பிள்ளைகள் இழந்தது என்ன என்று கேட்ட பெரியவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. ஹார்ட்கோர் ஆட்டத்தில் ஆளே முதலீடு. தடை அந்த முதலீட்டின் மேல் விழுகிறது. மிட்டாய் ஆட்டத்தைத் தடை செய்தால் இன்னொன்று வரும், முன்னிருக்கைப் பெண் அதில் முதல் லெவலிலிருந்து தொடங்குவாள்.

மிட்டாய் ஆட்டத்தின் குறையையும் மறைக்கக் கூடாது. ஐந்து உயிர் முடிந்ததும் எழுப்பி அனுப்பும் அதே ஆட்டம், காத்திருக்கப் பிடிக்காவிட்டால் காசு கொடு என்கிறது. உயிர்கள் நிரம்பியதும் மணியடித்துக் கூப்பிடுகிறது. துண்டான நேரத்துக்குள் நுழையத் தெரிந்த ஆட்டம் எல்லாத் துண்டுக்குள்ளும் நுழைய ஆசைப்படுகிறது. அந்த ஆசையின் முற்றிய வடிவம் ரம்மி.

கைப்பேசி ரம்மி தோற்றத்தில் முழுக்கக் கேஷுவலாக இருந்தது. தெரிந்த சீட்டு, சின்னச் சின்னச் சுற்றுகள், எந்த நேரமும் தொடங்க முடிந்தது. வேனிலும் ஆட முடிந்தது, கழிவறையிலும் ஆட முடிந்தது. உள்ளே போனால் பிழைக்கு விலை சம்பளமும் நகையும். நிறுத்துவதற்குத் தடை எதுவும் இருக்கவில்லை, ஆனால் விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு நிறுத்த விடவில்லை. தமிழ்நாட்டில் இதனால் நேர்ந்த தற்கொலைகளைப் பற்றி இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை, செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். நீதிமன்றங்கள் நெடுங்காலமாக வேறொரு கேள்வியைக் கேட்டுவந்தன: இது திறமையா, அதிர்ஷ்டமா? 1968-இல் ஆந்திர வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் ரம்மியில் திறமையே மிகுதி என்றது. தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து தடுத்தது, தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு 2022-இல் அறிக்கை தந்தது, புதிய சட்டம் வந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றாலும் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று அவற்றின் மீதான தடையை நீக்கியது.

இதற்குப் பிறகு 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் கொண்டுவந்த விதிகளில் ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டங்களில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை யாரும் நுழையக் கூடாது என்றது அந்த விதி. ஜூன் மாதம் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. திறமையா அதிர்ஷ்டமா என்று அத்தனை ஆண்டு வாதாடிய பிறகு, அரசு கடிகாரத்திடம் வந்து சேர்ந்தது. ஓர் ஆட்டம் மனிதருடைய நாளில் எந்தப் பகுதியை எடுத்துக்கொள்கிறது என்று சட்டம் இங்கே கேட்கத் தொடங்கியது. சரியான கேள்வி என்பது என் கருத்து.

அந்தக் கேள்வி நீடிக்கவில்லை. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் ஆட்டங்களை மூன்றாகப் பிரித்தது: இ-ஸ்போர்ட்ஸ், சமூக ஆட்டங்கள், பண ஆட்டங்கள். பண ஆட்டம், அது திறமையோ அதிர்ஷ்டமோ, முற்றாகத் தடை. அதில் எனக்கு மறுப்பில்லை. இ-ஸ்போர்ட்ஸுக்கு 2022 டிசம்பரிலேயே விளையாட்டு அமைச்சகத்தில் இடம் கிடைத்துவிட்டது. பின்னிருக்கைப் பையன்களில் ஒருவன் நாளை நாட்டுக்காக ஆடிப் பதக்கம் வாங்கலாம், வாங்கட்டும். மிச்சமிருப்பதெல்லாம் சமூக ஆட்டம் என்ற பெட்டிக்குள் போய்விட்டது.

முன்னிருக்கைப் பெண்ணும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறாள். அவளைப் பற்றி எழுத ஆசைப்படுகிற இளைஞர்கள் எங்கள் ஊர்க் கல்லூரிகளில் இருந்தால், எத்தனையாவது லெவல் என்பதோடு நின்றுவிடாமல் இன்னும் சில விஷயங்களையும் விசாரிக்கலாம். காலையில் கைப்பேசியை ஒப்படைக்கும்போது ஆட்டம் எந்த நிலையில் இருந்தது? சாயங்காலம் ஆடும்போது நடுவில் யார் யார் கூப்பிட்டார்கள்? வீட்டில் வேறு யாராவது அதே கைப்பேசியில் ஆடி உயிர்களைத் தீர்த்துவிடுகிறார்களா? தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை இருட்டும்வரை நீளும்போது ஆட்டம் என்ன ஆகிறது, ஆலை மூடிய வாரங்களில் கூடுகிறதா குறைகிறதா? காசு கொடுத்து உயிர் வாங்கியதுண்டா, அதை வீட்டில் சொன்னாளா?